பேட் நல்ல பேட்தான், சார்

புது பிரேக் பேட் போட்ட பிறகு வண்டி கத்துகிறது என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் ஆள் "மட்டமான பேட் போட்டுட்டாங்க" என்பார். அடுத்தவர் "பின்பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, அடங்கிடும்" என்பார். மூன்றாமவர் செராமிக் பேடுக்கு மாறச் சொல்வார். நாலாவது ஆள் பேட்டின் ஓரங்களை அரத்தால் ராவச் சொல்வார். ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் காரில் கத்தியது இடது முன்சக்கரம் மட்டும். வலது பக்கம் மூச்சே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பேட். ஒரே நாளில், ஒரே ஆள் மாட்டியது. பேட்தான் மட்டம் என்றால் வலது பக்கம் ஏன் சும்மா இருக்கிறது? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. கேள்வி மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

மாட்டிய மெக்கானிக்கிடமே கேட்டேன். "பேட் நல்ல பேட்தான், சார். புதுசுல கொஞ்ச நாள் கத்தும், ஓட ஓட அடங்கிடும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று இப்போது தெரியும். அப்போது காத்திருந்தேன். சத்தம் அடங்கவில்லை, கூடவும் இல்லை. வண்டி நிற்கப் போகும் கடைசிச் சில மீட்டரில், மிதியில் காலை லேசாக வைத்திருக்கும்போது மட்டும் 'கீ...ச்' என்று ஒரு இழுப்பு. அழுத்தி மிதித்தால் போய்விடும். வேகத்தில் பிடித்தாலும் வராது. பிரேக் பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை, வண்டி நேராகத்தான் நின்றது. ரோட்டில் நடப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை என்று விட்டிருக்கலாம். அந்த இடது, வலது கணக்குதான் விடவில்லை.

சத்தம் எங்கே பிறக்கிறது

பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசுகிறது, உரசினால் சத்தம் வராமல் என்ன செய்யும் என்று நினைக்கத் தோன்றும். வெறும் உரசலில் வருவது 'சர்ர்' என்ற மெல்லிய ஓசை. எல்லா டிஸ்க் பிரேக்கிலும் அது உண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்காது. கீச்சு வேறு ஜாதி. அது அதிர்வு. நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல், சில வண்டிகளில் பத்தாயிரத்தையும் தாண்டி, பேட்டும் டிஸ்க்கும், பேட்டைப் பிடித்து அழுத்தும் கேலிப்பரும் சேர்ந்து நடுங்குகின்றன. நடுக்கத்தின் அளவு கண்ணுக்குத் தெரியாது, அது மைக்ரான் கணக்கு. ஆனால் டிஸ்க் ஒரு அகலமான இரும்புத் தட்டு. அகலமான தட்டு கொஞ்சம் அதிர்ந்தாலே காற்றை நன்றாகத் தள்ளும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் அலைவரிசையும் இதே எல்லைக்குள்தான் இருக்கிறது. தெருக்கோடி வரைக்கும் கேட்பது அதனால்தான். டிஸ்க்குக்குச் சாம்பல்நிற வார்ப்பிரும்பு எடுப்பதில்கூட இந்தக் கணக்கு கொஞ்சம் இருக்கிறது: அதற்குள் செதில் செதிலாகக் கிடக்கும் கிராஃபைட் அதிர்வை விழுங்கிக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது கரும்பலகைதான். சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்து இழுத்தால் வழவழவென்று கோடு விழும். அதே சாக்பீஸை நிமிர்த்தி, போகும் திசைக்கு எதிராகச் சாய்த்துத் தள்ளினால் வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளும். சாக்பீஸ் மாறவில்லை, பலகை மாறவில்லை. பிடித்த கோணமும் பிடியின் இறுக்கமும்தான் மாறின. 1960-களின் தொடக்கத்தில் ஸ்பர் என்ற ஆராய்ச்சியாளர் பிரேக் கீச்சுக்கு ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் கொடுத்தார். உராய்வின் அளவு மாறாமல் இருந்தாலும், உரசும் பொருள் சாய்ந்து நின்றால் அது மேற்பரப்பில் குத்திக்கொள்ளும், வளையும், விடுபடும், மறுபடி குத்தும். அதுவே அதிர்வாகிவிடும். பின்னால் வந்தவர்கள் கணக்கை இன்னும் விரித்தார்கள். பேட்டுக்கு இயல்பான ஒரு அதிர்வும் டிஸ்க்குக்கு இயல்பான இன்னொரு அதிர்வும் அலைவரிசையில் நெருங்கி வரும்போது, உராய்வு அவை இரண்டையும் கோத்துவிடுகிறது. பிறகு ஒன்று மற்றதை வளர்த்துக்கொண்டே போகும் என்பது அவர்கள் சொல்வது. லேசாக மிதித்தால் கத்தி, அழுத்தி மிதித்தால் ஏன் அடங்குகிறது என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் பிடிப்பின் விறைப்பு மாறும், அலைவரிசைகள் விலகிப்போகும். (நேர்மாறாக, அழுத்தினால் மட்டும் கத்தும் வண்டிகளும் உண்டு. காரணம் இதேதான்.)

டிஸ்க் பிரேக்கின் சரித்திரமே கீச்சில்தான் ஆரம்பிக்கிறது என்பது இதைப் படிக்கப் போய்த் தெரிந்துகொண்ட விஷயம். ஃபிரெடரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் டிஸ்க்கைப் பிடிக்க வைத்தது செம்பு. உலோகத்தில் உலோகம் உரசி எழுந்த அலறலைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் தாங்க முடியவில்லை. 1907-ல் ஹெர்பர்ட் ஃப்ரூட் கல்நார் கலந்த பட்டையை இடையில் வைக்கலாம் என்று வழி சொன்ன பிறகுதான் சத்தம் ஒரு கட்டுக்குள் வந்தது. கல்நார் நுரையீரலைக் கெடுக்கும் என்று பிற்பாடு தெரியவந்து பல நாடுகளில் அதை ஒதுக்கியாயிற்று. பழக்கத்தில், சக்கரத்துக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதுவதை இன்றைக்கும் யாரும் செய்யாமல் இருப்பது நல்லது. பேட்டில் என்ன கலந்திருக்கிறது என்பது பெட்டியைப் பார்த்துத் தெரியாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடைத்தால் போதும்.

இதையெல்லாம் படித்த பிறகு நாலு பேர் சொன்னதும் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பேட்டின் பின்தகட்டில் ஒட்டியிருக்கும் ஷிம் வெறும் தகடு இல்லை. நல்ல ஷிம்மில் இரும்புக்கு நடுவிலோ மேலோ ரப்பர் போன்ற ஒரு படலம் இருக்கும், நடுக்கத்தை அது வெப்பமாக மாற்றிவிடும். ஓரங்களைச் சரித்து வெட்டியிருப்பது, சாக்பீஸின் முனையை மழுக்குவது மாதிரி, குத்திக்கொள்ளும் விளிம்பை எடுத்துவிடுவதற்காக. நடுவில் இருக்கும் பள்ளம் பேட்டின் அதிர்வுக் குணத்தை மாற்றும், தூசிக்கும் வழிவிடும். பின்பக்கம் தடவும் கிரீஸ், பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் தகட்டுக்கும் இடையே அதிர்வு நேராகக் கடத்தப்படாமல் பார்த்துக்கொள்ளும். எல்லாமே வைத்தியம்தான். ஆனால் இந்த வைத்தியங்கள் அத்தனையும் என் வண்டியின் வலது பக்கத்தைப் போலவே இடது பக்கத்திலும் இருந்தன, பெட்டியிலிருந்து வந்தபடியே. அப்படியானால் இரண்டு பக்கமும் வேறுபடுவது பேட்டில் இருக்க முடியாது. பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

டிக்கியில் கிடந்த பெட்டி

பழைய பேட்டுகளைப் புதுப் பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார்கள். நல்ல பழக்கம்தான், மாற்றியதற்கு அத்தாட்சி. ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தேன். நாலில் மூன்று பேட் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஒன்று மட்டும் ஆப்பு மாதிரி, ஒரு முனை தடித்தும் மறு முனை மெலிந்தும் இருந்தது. அந்தப் பேட்டின் காதுகளில், அதாவது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு பிராக்கெட்டில் உட்காரும் பகுதியில், ஒன்றில் மட்டும் பளபளவென்று தேய்ந்த தழும்பு. பெட்டியின் அடியில் இன்னொன்றும் கிடந்தது: பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது கிளிப்புகள். பேட்டோடு சேர்த்து வந்தவை. மாட்டவே இல்லை.

இந்தக் கிளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் பேட்டின் காது உட்கார ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்கு உள்ளே மெல்லிய எவர்சில்வர் தகடாக இந்தக் கிளிப் அமரும். பேட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போய்வரும். போய்வரும் தூரம் மிகக் குறைவு. ஏனென்றால் பெரும்பாலான கார்களில் பேட்டைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்பு ரப்பர் சீல், முறுக்கிக்கொண்டிருந்த நிலையிலிருந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு பின்னால் இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதற்கு மேல் பேட் விலகுவது, சுற்றும் டிஸ்க் லேசாகத் தட்டிவிடுவதால். ஆக, பேட்டை விடுவிக்கும் சக்தி மிகச் சின்னது. காது கொஞ்சம் இறுகினாலும் அந்தச் சக்தி போதாது. பேட் ஒரு முனையில் டிஸ்க்கைத் தொட்டபடி, சாய்ந்தபடி நிற்கும். கரும்பலகையில் தப்பாகப் பிடித்த சாக்பீஸ் அங்கேயே தயாராக இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றும் வேலை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சமதளம், பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டை லேசாகத் தளர்த்துவது, தூக்கிய பிறகு ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் உட்கார வைப்பது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் கையை நீட்டவே கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. கேலிப்பரை எடுத்ததும் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவைக்க வேண்டும்.

முதலில் சத்தம் போடாத வலது பக்கத்தைக் கழற்றினேன். வேண்டுமென்றே. சரியாக இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமல் தப்பை எப்படிப் பார்ப்பது? கேலிப்பரைத் தூக்கியதும் இரண்டு பேட்டும் விரலால் இழுத்தவுடனே கையோடு வந்தன. திரும்ப வைத்து விரல் நுனியால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போயின. சரி.

அப்புறம் இடது பக்கம். வெளிப்பக்கப் பேட் கொஞ்சம் அடம்பிடித்து வந்தது. உட்பக்கப் பேட் வரவே இல்லை. கையால் இழுத்தேன், ஆட்டினேன், அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பி, சுத்தியலின் மரப்பிடியால் தட்டிய பிறகுதான் மேல்காது விட்டது. கீழ்க்காது ஏற்கெனவே லூசு. அதாவது இந்தப் பேட் இவ்வளவு நாளும் ஒரு காதில் ஆணியடித்த மாதிரி நின்றுகொண்டு, மறு காதில் மட்டும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. டிக்கியில் கிடந்த ஆப்பு வடிவப் பேட் எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது என்று இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பழைய கிளிப்பைப் பிடுங்கினேன். கிளிப் நன்றாகத்தான் இருந்தது, துரு ஏறாத உலோகம். விஷயம் அதற்கு அடியில். பிராக்கெட் வார்ப்பிரும்பு, ஈரம் கிளிப்புக்குப் பின்னால் புகுந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே துருவை வளர்த்திருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இடம் அதிகம் பிடிக்கும், தான் இருந்த அளவைப் போல் பல மடங்கு உப்பும். அந்த உப்பல் கிளிப்பைப் பள்ளத்துக்குள் நெட்டித் தள்ளியிருக்கிறது. பள்ளம் அந்த அளவுக்குக் குறுகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் பளபளக்கும் கிளிப்தான் தெரியும். எத்தனை தரம் துடைத்தாலும், எவ்வளவு கிரீஸ் தடவினாலும் அடியில் இருக்கும் துருவை அது தொடாது. பேட் மாற்றிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு பேட்டும் இதே இடுக்கில்தான் மாட்டும்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய அரத்தால் துருவை மட்டும் எடுத்தேன். இதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: துரு போய் இரும்பு தெரிந்தவுடனே நிறுத்திவிட வேண்டும். ஆர்வக் கோளாறில் இரும்பையும் ராவினால் பள்ளம் அகலமாகிவிடும், பிறகு பேட் உள்ளே ஆடி 'டக் டக்' என்று இன்னொரு சத்தம் கிளம்பும். டிக்கியில் கிடந்த புதுக் கிளிப்பைப் பிரித்து அழுத்தினேன், தட்டையாக உட்கார்ந்தது. பேட்டை வைத்தேன். விரல் நுனியால் தள்ளினேன். போயிற்று. அதே பேட், சற்று முன்னால் சுத்தியல் கேட்டது.

பிற்பாடு மெக்கானிக்கைப் பார்த்தபோது கிளிப் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "அந்தப் புது கிளிப் போட்டா பேட் டைட்டா நிக்குது சார், உள்ளே இறங்க மாட்டேங்குது. பழசுதான் செட்டாகும்" என்றார். இதைவிடத் தெளிவாக நோயை யாரும் சொல்லியிருக்க முடியாது. புதுக் கிளிப் இறுகுகிறது என்றால் பள்ளம் குறுகியிருக்கிறது என்று அர்த்தம். அவர் கண்டுபிடித்துத்தான் இருக்கிறார். கிளிப்பைக் குற்றவாளியாக்கிப் பெட்டியில் போட்டுவிட்டார். குறை சொல்லவும் முடியவில்லை. பேட் மாற்ற ஆகும் நேரம் கொஞ்சம். அடியில் சுத்தம் செய்ய ஆகும் நேரம் அதைப் போலப் பல மடங்கு, பில்லில் அதற்கு ஒரு வரி கிடையாது.

கிரீஸ் பற்றிய சண்டை

கிரீஸ் வேண்டுமா வேண்டாமா என்று எந்த நாலு பேரிடம் கேட்டாலும் ஐந்து கருத்து வரும். என் கருத்து: வேண்டும், ஆனால் இடம் தெரிந்து, துளியாக. காது கிளிப்பில் வழுக்கும் இடம், பிஸ்டன் தகட்டைத் தொடும் இடம், மறுபக்கம் கேலிப்பரின் விரல்கள் தொடும் இடம். அங்கே மட்டும் மெல்லிய படலம். ஷிம்மின்மேல் ரப்பர் பூச்சு இருந்தால், அதன்மேல் தடவலாமா என்பதைப் பேட் கம்பெனி சொல்வதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உரசும் முகத்தில் ஒரு பொட்டுப் பட்டாலும் பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த கிரீஸ் என்பதும் முக்கியம். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் உருகி ஓடிவிடும். பெட்ரோலிய எண்ணெய் கலந்தது ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிவிடும். செம்பு கிரீஸ் பழைய பழக்கம், இப்போது பல தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். பிரேக்குக்கென்றே விற்கும், அதிகச் சூடு தாங்கும் வகைதான் சரி.

கேலிப்பர் வழுக்கும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் வகை கிரீஸ். இந்தப் பின்களை யாரும் பார்ப்பதே இல்லை. ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும், கழற்றினால் பழைய கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கிடக்கும். பின் இறுகினால் கேலிப்பர் மிதக்காது, அதாவது பக்கவாட்டில் நகராது. பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் வேலை செய்து சீக்கிரம் கரையும். பல வண்டிகளில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் இருக்கும். எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துவைத்தால் பிறகு குழப்பமில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மூன்று விஷயம் நினைவில் இருக்க வேண்டும். மெதுவாக, 'சி' கிளாம்பை வைத்து நேராகத் தள்ள வேண்டும். மேலே பிரேக் ஆயில் டேங்கில் மட்டம் உயரும், வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, கேலிப்பரிலேயே ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளே இருக்கும் பொறி உடையும். எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், கையை வைப்பதற்கு முன்பே.

டிஸ்க்கையும் ஒரு பார்வை. அதன் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போடுவதே வீண். விளிம்பில் பேட் தொடாத இடத்தில் துருவும் மேடும் சேர்ந்திருக்கும். புதுப் பேட் பழையதைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் அந்த மேட்டில் ஏறி உரசும். டிஸ்க்கைக் கழற்றினால் ஹப்பின் (டிஸ்க் உட்காரும் சக்கர மையத்தின்) முகத்தைத் துரு இல்லாமல் தேய்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். பல தயாரிப்பாளர்கள் டிஸ்க் முகம் ஆட அனுமதிப்பது 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான், ஹப்பில் ஒரு துருச் செதில் மாட்டிக்கொண்டாலே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். வீல் நட்டை ஒன்றுவிட்டு ஒன்றாக, மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு அளவில்) முடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு பக்கமாக முறுக்கினால் டிஸ்க்கே நெளிகிறது.

ஓட ஓட அடங்கும் என்பது

மெக்கானிக் சொன்னதில் உண்மையான பாதி இது. புதுப் பேட்டும் டிஸ்க்கும் சந்தித்தவுடன் முழு முகமும் தொடாது, அங்கங்கே மேடுகள்தான் தொடும். பேட்டின் பொருள் கொஞ்சம் டிஸ்க்கில் படிந்து ஒரு சீரான மெல்லிய படலமாக வேண்டும். அதன் பிறகுதான் பிடிப்பும் சரியாகும், சத்தமும் குறையும். இதை விதிக்கு விடாமல் நாமே செய்யலாம். வண்டியை அசைக்கும் முன்பு மிதியைப் பல தடவை அழுத்தி, கெட்டியாகும் வரை பார்க்க வேண்டும். முதல் மிதி தரை வரை போகும், அது ரோட்டில் நடக்கக் கூடாது. பிறகு காலியான நேரான ரோட்டில் 50, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிடிப்பது, விட்டு ஓட்டுவது, மறுபடி பிடிப்பது என்று எட்டுப் பத்துத் தடவை. முழுசாக நிறுத்தாமல். சூடாக இருக்கும்போது மிதியை அழுத்தியபடி நின்றால், பேட் தொட்ட இடத்தில் மட்டும் பொருள் தடிப்பாகப் படியும். பிறகு மிதியில் அதிர்வாக அது தெரியும். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட்டோடு வந்த தாளில் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி, ஏனெனில் கலவைக்குக் கலவை மாறும்.

கலவை என்றதும் செராமிக் விஷயம். செராமிக் பேட் பொதுவாகச் சத்தம் குறைவு, தூசியும் வெளிர்நிறம். உலோகத்தூள் அதிகம் கலந்தது சூட்டைத் தாங்கும், கொஞ்சம் பேசும். நார் வகை மென்மையானது, அமைதியானது, சீக்கிரம் தேயும். தேவைக்கு ஏற்ப மாறுவதில் தப்பில்லை. காது இறுகிய பிராக்கெட்டில் செராமிக் போட்டால் நல்ல பேட்டும் ஆப்பு வடிவில் தேயும், அதிகச் செலவில். சத்தம் மட்டும் ஒருவேளை நின்றுவிடலாம். எனக்கு உறுத்துவது அதுதான். ஏனென்றால் நாம் பிரேக்கைக் காதால் எடைபோடுகிறோம்: கத்தினால் கெட்டது, கத்தாவிட்டால் நல்லது. என் வண்டியில் கீச்சு வந்ததால்தான் இறுகிய பேட் வெளியே தெரிந்தது. அதே இறுக்கம் சத்தமில்லாமல் இருந்திருந்தால், டிஸ்க் சூடேறி, மைலேஜ் குறைந்து, ஒரு பக்கம் உலோகம் வரைக்கும் தேய்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

வேண்டுமென்றே வைத்த சத்தமும் ஒன்று உண்டு. பல பேட்டுகளில், பெரும்பாலும் உட்பக்கப் பேட்டில், வளைந்த சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். பேட்டை இடம் மாற்றி மாட்டினால் இந்த நாக்கு தப்பான பக்கம் போய்விடும், அதனால் கழற்றும்போது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் கீச்சுதான், ஆனால் தன்மை வேறு: பெரும்பாலும் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதே கேட்கும், பிடித்தால் மாறும் அல்லது நிற்கும். இந்தச் சத்தத்துக்குக் கிரீஸ் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் வண்டியில் ஒரே ஒரு கீச்சு மிச்சம். மழை பெய்த மறுநாள் காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது வரும். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு அது, முதல் சில மிதிகளிலேயே துடைத்துக்கொண்டு போய்விடும். ரிவர்ஸில் பேட் பிராக்கெட்டின் எதிர்ப்பக்கச் சுவரில் போய் முட்டுவதால் கோணமும் மாறுகிறது. இதற்கு வைத்தியம் பார்க்கப் போவதில்லை. அடுத்த முறை டயரை இடம் மாற்றச் சக்கரம் கழலும்போது கேலிப்பரைத் தூக்கி, பேட்டை விரலால் தள்ளிப் பார்ப்பேன். நீங்களே கழற்றாதவர் என்றால் ஒர்க்ஷாப்பில் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒன்று கேட்டுவைக்கலாம்: "கிளிப்பைக் கழற்றி அடியில துருவை எடுத்துட்டுப் புதுசு போடுங்க, அதுக்குத் தனியா கூலி போட்டுக்கோங்க." கூலி என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் செய்துதருகிறார்கள்.